இயேசு தந்தையிடம் கேட்ட கேள்வி

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்தை வருகிறார். அவருடைய பெயர் சொல்லப்படவில்லை. நோயுற்ற மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இயேசு மலையிலிருந்து இறங்கி வருவதற்கு முன்பே சீடர்களிடம் காட்டிப் பார்த்துவிட்டார், அவர்களால் முடியவில்லை. சுற்றிலும் கூட்டம். மறைநூல் அறிஞர்கள் ஒரு பக்கம் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். பையனோ தரையில் விழுந்து நுரை தள்ளிப் புரளுகிறான். நாமாக இருந்தால் பையனிடம் ஓடியிருப்போம். இயேசு தந்தையின் பக்கம் திரும்பி, இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கிறார்.

மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி அவர்களிடம் இல்லை. மாற்கு மட்டும் அதை எழுதி வைத்திருக்கிறார்.

குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது இந்தக் கேள்வி நம் கண்ணில் படவே இல்லை. நம்பிக்கையைப் பற்றிய அந்தத் தந்தையின் கதறல்தான் தேர்வுக்கு வரும், அதைத்தான் படித்தோம். பங்குப் பணியில் தலை நரைத்து, போதையில் சிக்கிய பிள்ளைகளின் வீடுகளுக்கு ஏறி இறங்கிய பிறகு, இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்வியும் இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனுக்கு இருந்தது போதைப்பழக்கம் அல்ல. மாற்கு சொல்லும் அடையாளங்களைப் படிக்கிற மருத்துவர் வலிப்பு நோயைத்தான் நினைப்பார். ஆகவே கஞ்சா பிடிக்கும் பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று யாரும் இந்த மறையுரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நினைத்து ஊர் ஊராகப் பேயோட்டக் கூட்டிக்கொண்டு அலைந்து, ஒரு வருடத்தைத் தொலைத்த வீடுகளை நமக்குத் தெரியும். அதனால் சொல்கிறோம். இன்று நாம் பார்க்கப்போவது பையனை அல்ல, அவனைக் கூட்டி வந்தவரை.

ஒரு குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி, நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்த நேரம். ஒரு தந்தை பதினாறு வயது மகனைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார். “சாமி, இவன் பையில கஞ்சாப் பொட்டலம் இருந்துச்சு. நீங்களே நல்ல புத்தி சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டார். நாமும் பையனை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். விவிலியத்தின்மேல் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்றான். தலையில் கை வைத்துச் செபித்து, ஒரு செபமாலையும் கொடுத்து அனுப்பினோம். தந்தையிடம் ஒரு கேள்விகூட நாம் கேட்கவில்லை. அவர் வண்டியைக் கிளப்பும்போது, “முடிஞ்சுதா சாமி?” என்றார்.

முடியவில்லை. நான்கு மாதம் கழித்து அந்தத் தாய் அழுதுகொண்டு வந்தார். இந்த முறை மாத்திரை. மருத்துவமனைக்கு நாமும் உடன் போனோம். இளம் மருத்துவர் ஒருவர் பெற்றோரைப் பார்த்து, எப்போதிலிருந்து என்று கேட்டார். “ரெண்டு மாசமா இருக்கும் டாக்டர்” என்றார் தந்தை. தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் சுவரைப் பார்த்தபடி, “எட்டாவதுல இருந்து” என்றான். மூன்று வருடம்! கொஞ்ச நேரம் அந்த அறையில் யாரும் பேசவில்லை. பிறகு தாய் சொன்னார்: “எனக்கு ஒம்பதாவதுலயே தெரியும். இவருக்குத் தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவாருன்னு சொல்லல.” சிகிச்சை அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது என்று அந்த மருத்துவர் பின்னாளில் நம்மிடம் சொன்னார்.

எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு உண்மையான பதில் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? எந்தப் போதை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, தனியாகவா நண்பர்களோடா, அதற்கு முன்பு பிள்ளை எப்படி இருந்தான் என்பதைப் பொறுத்தே மருத்துவம் மாறுகிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்கிற பையனுக்கு ஒரு வழி. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறவனுக்கு வேறு வழி. கஞ்சாவுக்கு முன்பே தூக்கம் கெட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தானா, பாட்டி இறந்த பிறகு மாறினானா, பள்ளியில் யாராவது அவனைத் துன்புறுத்தினார்களா? மனச்சோர்வு முதலில் வந்து போதை பின்னால் வந்திருந்தால், மனச்சோர்வையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இவற்றில் பாதியைப் பையன் சொல்லமாட்டான், பாதி அவனுக்கே தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

“நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது?” என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மது, கஞ்சா போன்றவற்றைப் பெரியவர்கள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். முகர்ந்து போதை ஏற்றும் பொருள்கள் மட்டும் நேர்மாறு: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 விழுக்காடு. இரண்டு மடங்கு! இதற்கு உதவி தேவைப்படும் பிள்ளைகள் நாட்டில் ஏறக்குறைய 4.6 லட்சம் பேர் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர் எல்லாம் கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை. வீட்டு அலமாரியிலும் இருப்பவை.

மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி பதின்பருவத்தில் வேகமாக வேலை செய்கிறது. வேண்டாம் என்று நிறுத்தும் பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுமையாக வளர்கிறது. அதனால்தான் பதினைந்து வயதுப் பையன் விவிலியத்தின்மேல் கை வைத்துச் சொல்வது அந்த நேரத்தில் உண்மையாகவே இருக்கும், அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நிற்காமலும் போகும். அவன் நம்மை ஏமாற்றினான் என்று நாம் நினைத்தோம். பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியிடம் சத்தியம் வாங்கியிருந்தோம், அவ்வளவுதான். போதைப்பொருள் பயன்பாடு கனமான தவறு என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2291-ஆம் எண்ணில் சொல்கிறது. அதே நூல் 1735-ஆம் எண்ணில், பழக்கமும் அச்சமும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் சொல்கிறது. பெற்றோர் பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

மாற்கு சொல்லும் தந்தையிடம் திரும்புவோம். இயேசுவின் கேள்விக்கு அவர் மறைக்காமல் பதில் சொல்கிறார்: குழந்தைப் பருவத்திலிருந்தே, பலமுறை நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். கூட்டம் முழுவதும் கேட்கச் சொல்கிறார். அதற்குப் பிறகு அவர் கேட்கும் உதவியைக் கவனியுங்கள். மகன்மேல் இரங்கும்படி அவர் கேட்கவில்லை. தங்கள் எல்லார்மீதும் இரங்கி, தங்களுக்கு உதவச் சொல்கிறார். பன்மையில் கேட்கிறார். நோய் ஒருவனுக்கு, உதவி ஒரு குடும்பத்துக்கு.

நம்மிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் ஒருமையில்தான் பேசுகிறார்கள். “இவனைச் சரிபண்ணிக் கொடுங்க.” வண்டியைப் பழுதுபார்க்க விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வது போல. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், “பாவசங்கீர்த்தனத்துல என்ன சொன்னான்னு கொஞ்சம் சொல்லுங்க சாமி” என்று கேட்கிறார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எந்தக் குருவும் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னாலும், அந்தப் பையன் மறுபடி எந்தக் கதவையும் தட்டமாட்டான்.

ஆலோசகர் ஒரு பிள்ளையோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மீதி 167 மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகிறது. தமிழ்நாட்டில் இதைத் தன் வாழ்க்கையில் கற்றுக்கொண்டவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயால் கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். கணவரின் பெயரில் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்த இடம் அதுதான். அங்கே நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தாருக்கும் தனியாக இரண்டு வாரப் பயிற்சி வைத்தார்கள். குடும்பமும் நோயுற்றிருக்கிறது, அதுவும் தேற வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? நாம் மருத்துவர் அல்ல; ஆலோசகர்கள் சொல்லக் கேட்டதையும் வீடுகளில் பார்த்ததையும் சொல்கிறோம்.

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். இரவு பதினோரு மணிக்குக் கண் சிவந்து வருகிற பிள்ளையிடம் கேட்கிற கேள்விக்குப் பதில் வராது, சண்டைதான் வரும். சாப்பாடு போட்டுப் படுக்க வையுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். மற்றபடி பேச்சை மறுநாள் காலை, தலை தெளிந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் ஒன்று, தந்தை ஒன்று என்று பேச வேண்டாம். தந்தை அடிக்கிறார், தாய் அதைச் சரிக்கட்ட இருநூறு ரூபாய் கொடுக்கிறார். அந்த இருநூறு எங்கே போகிறது என்று தாய்க்கும் தெரியும். பள்ளிக்கு “காய்ச்சல்” என்று போன் செய்வதும், கடன் கேட்டு வருகிற பையன்களுக்குச் சத்தமில்லாமல் பணத்தைக் கொடுத்து அனுப்புவதும் அன்பினால்தான் நடக்கிறது. ஆனால் பிள்ளை தன் செயலின் விளைவைத் தொடவே விடாமல் செய்துவிடுகிறது. அதே சமயம், அவன் தெளிவாக இருக்கிற நாள்களை யாரும் கவனிப்பதில்லை. மூன்று நாள் ஒழுங்காக வீட்டில் இருந்தான் என்றால் அந்த மூன்று நாளும் வீட்டில் பழைய கதையைத்தான் பேசுகிறோம். நான்காம் நாள் போய்விடுகிறான். நல்ல நாளில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுங்கள். ஒரு ஆலோசகர் இதை எழுதியே கொடுத்தார் ஒரு தாய்க்கு, மருந்துச் சீட்டு மாதிரி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலின் ஏழாம் அதிகாரம் பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. பிள்ளை இந்த நேரத்தில் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று கண்காணிப்பதைவிட, அவன் மனத்தால் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவைத்திருப்பதே பெரிது என்கிறார். போனில் இருப்பிடத்தைப் பார்க்கும் செயலியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் அந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நம் ஊரைப் பற்றியது. சனி, ஞாயிறில் வெளியூர் வண்டிகள் புதுச்சேரிக்கு எதற்காக வருகின்றன என்று நமக்குத் தெரியும். பசிலிக்காவையும் கடற்கரையையும் பார்க்க மட்டும் அல்ல. 2024 மார்ச்சில் ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, கஞ்சாவை ஒழிக்க வேண்டும் என்று ஊரே தெருவுக்கு வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் தெருவில் நின்று கஞ்சாவை எதிர்த்த நாமே, புதுநன்மை விருந்தன்று மொட்டை மாடியில் தனிப்பந்தி போடுகிறோம். திருமணத்துக்கு முந்தின இரவு பிளஸ் டூ பையனைக் கூப்பிட்டு ஐஸ் எடுத்துவரச் சொல்கிறோம். “ஒரு பியர்தானே, ஆம்பளப் பையன்” என்று ஊற்றியும் கொடுக்கிறோம். 18 வயது நிறையாத பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தாய்மாமனுக்கு மட்டும் அதில் விலக்கு எதுவும் இல்லை!

புனித மோனிக்காவை நாம் அழுத கண்ணோடுதான் நினைக்கிறோம். வழி தவறிய மகன் அகுஸ்தினாருக்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடிய தாய். அவரே சிறுமியாக இருந்தபோது மதுவை ருசி பார்த்துப் பழகியவர் என்பது பலருக்குத் தெரியாது. அகுஸ்தினார்தான் தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதியிருக்கிறார். பெற்றோர் பீப்பாயிலிருந்து திராட்சை மது எடுத்துவர அனுப்புவார்கள். முதலில் குறும்புக்காக ஒரு துளி. நாள்போக்கில் கிண்ணம் கிண்ணமாக. ஒருநாள் உடன் போகிற பணிப்பெண் கோபத்தில் குடிகாரி என்று திட்ட, அது சுருக்கென்று தைத்து, அன்றோடு விட்டார். பெற்றோர் நல்லவர்கள், பக்தியுள்ளவர்கள். பீப்பாய் வீட்டில்தான் இருந்தது, அனுப்பியவர்களும் அவர்களே. பிரெஞ்சுக் காலத்திலிருந்து சாப்பாட்டு மேசையில் வைன் பாட்டில் வைத்துப் பழகிய பெரிய வீடுகளுக்கும், சாராயக்கடைக்குப் பிள்ளையை அனுப்பி வாங்கிவரச் சொல்லும் சிறிய வீடுகளுக்கும் இது பொருந்தும்.

நாம் முன்பு சொன்ன அந்தக் குடும்பத்தின் தந்தை, மகனுக்காகத் தன் குடியை அடியோடு விட்டார் என்று சொன்னால் மறையுரைக்கு அழகாக இருக்கும். விடவில்லை. ஆனால் சனிக்கிழமை பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார். அதற்கே இரண்டு மாதம் பிடித்தது. “அப்பா குடிக்கலாம், நான் மட்டும் ஏன்?” என்று மகன் மருத்துவர் முன்னால் கேட்டபோது அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் திரும்பி வந்தார். அப்படித் திரும்பி வந்ததுதான் அந்த வீட்டில் நடந்த பெரிய காரியம் என்று நாம் நினைக்கிறோம்.

சிகிச்சை என்றதும் பலருக்கு மனத்தில் வருவது, இரவில் நான்கு பேர் வந்து பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மூன்று மாதம் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே மருத்துவமனைக்குப் போய்வரும் சிகிச்சை போதும். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியவர்கள் சிலரே. அப்படிச் சேர்த்தாலும் சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மன நிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அதன் 87-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ, அவர்கள் நியமிக்கும் ஒருவரோ, சிகிச்சை முடியும்வரை பிள்ளையோடு அங்கேயே தங்க வேண்டும். பெண் பிள்ளைக்குத் துணை ஆணாக இருந்தால், பெண் ஒருவரும் இருக்க வேண்டும். “விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்குறோம், வந்து பார்க்கக் கூடாது” என்று ஒரு மையம் சொன்னால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மனநல மருத்துவர் யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இந்தச் சட்டத்தைப் படித்தபோது யாயிர் வீடு நினைவுக்கு வந்தது. மாற்கு ஐந்தாம் அதிகாரம். பன்னிரண்டு வயதுச் சிறுமி. அழுது ஓலமிட்ட கூட்டத்தை எல்லாம் இயேசு வெளியே அனுப்புகிறார். சிறுமியின் தந்தையையும் தாயையும் மட்டும் தம் சீடர் மூவரோடு உள்ளே அழைத்துக்கொள்கிறார். நாமோ கூட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு தாய் தந்தையை வெளியே அனுப்புகிறோம். பெரியப்பா, சித்தப்பா, தெருவில் இருக்கும் அரசியல் பிரமுகர் எல்லாரும் பஞ்சாயத்தில் இருப்பார்கள். தந்தை மட்டும் தலை குனிந்து வாசலில் நிற்பார்.

“எல்லாம் சரி சாமி, அவன் வரவே மாட்டேங்கிறானே?” நமக்கு அதிகமாக வருகிற கேள்வி இதுதான். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் தீர் பகுதியில் ஒரு வேற்றினத் தாய் இயேசுவிடம் வருகிறார். மகள் வரவில்லை, வீட்டில் கிடக்கிறாள். தாய் மட்டும் தனியாக வந்து, மறுக்கப்பட்டும் போகாமல் நின்று வாதாடுகிறார். இயேசு அந்தப் பெண்ணிடம், மகள் வராமல் நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லவில்லை.

மருத்துவ உலகமும் இதைக் கண்டுகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வில்லியம் மில்லர், ராபர்ட் மேயர்ஸ் குழுவினர் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வரவே மறுத்த குடிநோயாளிகள். அவர்களை விட்டுவிட்டு, வீட்டாருக்கு மட்டும் மூன்று வெவ்வேறு முறைகளில் பயிற்சி கொடுத்தார்கள். எப்போது பேசுவது, எதைப் பாராட்டுவது, எதில் தலையிடாமல் விலகி நிற்பது என்று கற்றுக்கொடுத்த முறையில் 64 விழுக்காடு குடும்பங்கள் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டன. எல்லாரும் கூடி உட்காரவைத்து நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் அது 30 விழுக்காடுதான். நாலைந்து முறை வீட்டார் போய்வந்த பிறகே பெரும்பாலும் நோயாளி வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கணவன், மனைவி முயன்றதைவிடப் பெற்றோர் முயன்றபோது பலன் அதிகம். அந்த நோயாளிகள் வயதுவந்தவர்கள்தான். ஆனாலும் இது நம் பெற்றோருக்குத் தெம்பு தருகிற செய்தி. ஆகவே பிள்ளை வராவிட்டாலும் நீங்கள் போங்கள். தந்தை பிரான்சிலோ வளைகுடாவிலோ வேலையில் இருந்தால், ஆலோசகர் பேசும் நேரத்தில் போனிலாவது அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் பணம் அனுப்புகிறவரும் பெற்றோர்தானே.

போலீஸ் வழக்கு வருமோ என்ற பயமும் பல வீடுகளைப் பூட்டி வைத்திருக்கிறது. அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வரும் வழக்கிலிருந்து 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விற்பனைக்கு இது பொருந்தாது.

வீட்டுக்குள் பூட்டி வைத்துத் தாங்களே நிறுத்தப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வார்கள். வாங்காதீர்கள். குடியை நிறுத்த மருத்துவர் கண்காணிப்பில் தரும் ஒரு மாத்திரை இருக்கிறது. அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் மது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

மாற்கு சொல்லும் அந்தப் பையன், நோய் நீங்கியவுடன் பிணம் போலக் கிடந்தான். செத்துவிட்டான் என்றே பலர் சொன்னார்கள். சிகிச்சையின் முதல் வாரங்களும் அப்படித்தான் இருக்கும். தூங்கமாட்டான், எரிந்து விழுவான், முன்பைவிட மோசமாகத் தெரிவான். அப்போது பாதியில் நிறுத்திவிடுகிற வீடுகள் அதிகம். பிறகு ஒருமுறை சறுக்கினால், எல்லாம் வீண் என்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் மருத்துவரை மாற்றுவோம், மாத்திரையை மாற்றுவோம், ஆளைக் கைவிடமாட்டோம். வலி மாத்திரை, ஊசிப் பழக்கம் இருந்தவர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை: சில வாரம் விட்டபின் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடல் தாங்காது, மூச்சு நின்றுவிடக்கூடும். இதைப் பிள்ளையிடமே வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். நாம் சொன்ன பையனும் ஐந்தாம் மாதம் சறுக்கினான். அன்று இரவே தாயிடம் அவனே சொன்னான். மூன்று வருடம் மறைத்த வீட்டில்! இப்போது ஐ.டி.ஐ. முடிக்கப்போகிறான். இன்னும் மருத்துவமனைக்குப் போய்வருகிறான், பெற்றோரோடு.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறை இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098.

யாயிரின் மகள் எழுந்ததும் இயேசு பெற்றோரிடம் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். நம் பங்கு இல்லத்தின் பின்னறையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, செபமாலைக்குப் பிறகு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கூடுகிறார்கள். எந்தப் பங்கினரும், எந்தச் சமயத்தவரும் வரலாம். பெயர் எழுதும் நோட்டு கிடையாது. அன்பியத்தில் யாருக்கும் சொல்லப்படாது. தேநீரும் சுண்டலும் உண்டு. பிள்ளை வந்தால் நல்லது, வராவிட்டாலும் நீங்கள் வாருங்கள். தந்தையர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்காரவும்.